மாதம் இரண்டு சனிக்கிழமையா, பாதி நாட்களா? பிரிந்த பெற்றோரும் குழந்தையின் நாட்காட்டியும்

விவாகரத்துக்குப் பின் குழந்தையை வளர்ப்பதில் இரண்டு ஏற்பாடுகள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்றில், குழந்தை ஒருவரிடம் வளரும். மற்றவர் குறித்த நாளில் வந்து பார்ப்பார். மற்றொன்றில், இருவரும் நாட்களைப் பங்கிட்டுக்கொள்வார்கள்.

முதலாவதில் குழந்தைக்கு ஒரே வீடு, ஒரே பள்ளி. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டமும் சொல்கிறது. ஐந்து முடிந்ததும் பிள்ளை தானாக அப்பாவிடம் போய்விடும் என்று அஞ்சும் தாய்மார்கள் பலர். அந்தப் பயம் வேண்டாம். அதே சட்டத்தின் 13ஆவது பிரிவு குழந்தையின் நலனையே எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறது.

ஆனால் இந்த ஏற்பாடு வடசென்னையின் பிழைப்போடு மோதுகிறது. காசிமேட்டிலிருந்து விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர் பல நாட்கள் கழித்தே கரை திரும்புவார். ‘இரண்டாம், நான்காம் சனிக்கிழமை காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை’ என்ற உத்தரவு அவருக்கு எதற்கு உதவும்? நான்கு முறை வராமல் போனால், அக்கறையற்ற தகப்பன் என்று எதிர்மனுவில் எழுதிவிடுவார்கள். அந்தச் சனிக்கிழமைகளில் அவர் வலை இழுத்துக்கொண்டிருந்தார் என்பதை யார் எழுதுவது? துறைமுகத்தில் ஷிப்டு பார்ப்பவருக்கும், கன்டெய்னர் லாரி ஓட்டுபவருக்கும் இதே கதிதான்.

பாதிக்குப் பாதி என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. சட்ட ஆணையமும் 2015இல் தனது 257ஆவது அறிக்கையில் கூட்டுப் பராமரிப்புக்குச் சட்டத்தில் இடம் தரப் பரிந்துரைத்தது. ஆயினும் அம்மா பெரம்பூரிலும் அப்பா எண்ணூரிலும் இருந்தால், வாரம்தோறும் வீடு மாறும் பிள்ளை பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் களைத்துவிடும். அடி, உதை இருந்த வீட்டில் இந்த ஏற்பாட்டைப் பற்றிப் பேசவே கூடாது.

என் தேர்வு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: பள்ளி நாட்களில் ஒரே வீடு, விடுமுறையில் பெரும்பங்கு மற்றவருக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கோடை விடுமுறையும் ஏறக்குறைய அதே சமயம்தான். மே மாதம் முழுவதும் பிள்ளை அப்பாவோடு இருக்கட்டும். அவர் கரையில் இல்லாத நாட்களின் சந்திப்பைக் கரை திரும்பிய பின் ஈடுசெய்யவும் வழி வேண்டும். வீடியோ அழைப்பில் பேசும் வாய்ப்பையும் சேர்த்துக் கேளுங்கள். 2020இல் உச்ச நீதிமன்றமே அதை வலியுறுத்தியிருக்கிறது.

பரஸ்பர சம்மத விவாகரத்து என்றால் இவற்றை மனுவிலேயே தேதியோடு எழுதுங்கள். வழக்காக நடந்தால், உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சமரச மையத்துக்கு அனுப்பும்படி கேட்கலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வழக்கறிஞர் உண்டு. குழந்தை யாரிடம் வளரும் என்ற உத்தரவு கல்லில் வெட்டியதும் அல்ல: வேலை, வீடு, பிள்ளையின் வயது எது மாறினாலும் திருத்தம் கோரி அதே நீதிமன்றத்தில் மனு போடலாம்.