பிளவா, முட்டையா: கிரேக்க ஆதி தெய்வங்களுக்கு இரண்டு வம்சாவளிகள்

கிரேக்க ஆதி தெய்வங்கள் எதைக் குறிக்கின்றன என்று பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கி.மு. 700 வாக்கில் கிரேக்கக் கவிஞன் ஹெசியோட் பாடிய, தெய்வங்களின் பிறப்பைச் சொல்லும் 'தியோகொனி'. மற்றது, புராணப் பாடகன் ஆர்ஃபியஸ் பெயரில் வழங்கிய 'ஆர்ஃபிக்' பாடல்கள். ஹோமர், உலகைச் சுற்றியோடும் நீரான ஓக்கியானோஸைத் தேவர்களின் மூலம் என்கிறார். ஆனால் 'இலியட்' 14ஆம் காண்டத்தில் அது போகிறபோக்கில் வருவது. என் ஓட்டு ஹெசியோடுக்கு.

கவர்ச்சி என்று பார்த்தால் ஆர்ஃபிக் கதைதான். முட்டையிலிருந்து பொற்சிறகோடு, ஆணும் பெண்ணுமாய் ஃபேனஸ் என்னும் முதல் தெய்வம் வெளிவருகிறான். பின்னால் தேவர்களின் அரசன் ஸியூஸ் அவனை விழுங்கி உலகை மறுபடி படைக்கிறான். ஹெசியோடிடம் இந்தப் பகட்டு கிடையாது: முதலில் கேயாஸ் என்னும் வெறும் பிளவு, பிறகு பூமியாகிய கையா, பாதாளமாகிய டார்டரஸ், காதலாகிய ஈரோஸ்.

ஆனால் யார் யாரைப் பெற்றார், துணையோடா தனியாகவா என்ற கணக்கு இல்லாமல் குறியீட்டுக்குப் பொருள் சொல்ல முடியாது. ஹெசியோட் அதில் கறார். கேயாஸிலிருந்து பிறந்த இரவாகிய நிக்ஸ், இருளாகிய எரெபஸோடு கூடிப் பெறுவது ஈதரையும் ஹெமெராவையும். அதாவது மேல்வெளியின் ஒளியையும் பகலையும் (வரி 124–125). யாரோடும் கூடாமல் பெறுவது சாவு, உறக்கம், கனவுகள், முதுமை, வஞ்சகம், பூசல் (211–225). தாய் ஒருத்தியே; கூடல் இருந்தால் ஒளி, இல்லாவிட்டால் பெரும்பாலும் கேடு. ஈரோஸ் ஒரு பிள்ளையும் பெறாமல் நான்காவதாக நிற்பது ஏன் என்பதும் இங்கே விளங்கிவிடுகிறது: அவன் பெற்றோரில் ஒருவன் அல்ல, பிறப்பை நடத்தும் விசை. கேயாஸ் வம்சத்துக்கும் கையா வம்சத்துக்கும் கொள்வினை கொடுப்பினையே இல்லை. இன்மை ஒரு பக்கம், பருப்பொருள் ஒரு பக்கம்.

இதிலும் இடறல் உண்டு. நிக்ஸ் தனியே பெற்றவர்களில் அன்பும் இருக்கிறது. விதித்தேவியர் 217ஆம் வரியில் அவள் மகள்கள். 904ஆம் வரியிலோ ஸியூஸுக்கும் நீதித்தேவி தெமிஸுக்கும் பிறந்தவர்கள்.

ஆர்ஃபிக் பக்கம் இந்தக் கணக்கைப் போடவே வழியில்லை. முட்டையிட்டது யார் என்பதே மாறுகிறது: கி.மு. 414இல் அரங்கேறிய அரிஸ்டோஃபனீஸின் 'பறவைகள்' நாடகத்தில் இரவு; கி.பி. 6ஆம் நூற்றாண்டில் தத்துவஞானி டமாஸ்கியஸ் எடுத்துச் சொல்லும் வடிவத்தில் காலம். 1962இல் கிரீஸின் தெசலோனிக்கி அருகே கிடைத்த டெர்வேனி சுருள், ஆர்ஃபிக் பாடல் ஒன்றுக்கு உரை சொல்லும் பழைய பப்பைரஸ் ஏடு; அது பிணச்சிதையில் பாதி எரிந்தது. பத்திகளின் கீழ்ப்பகுதி போய்விட்டது. மிஞ்சியதில் முட்டையே காணோம். அதில் ஸியூஸ் விழுங்குவது எதை என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை.

ஒன்றில் மட்டும் ஆர்ஃபிக் மரபு முந்துகிறது. அங்கே இரவு குறி சொல்பவள், ஸியூஸுக்கே வழிகாட்டி. ஹெசியோடிடம் அவளுக்கு அந்த அதிகாரம் இல்லை.

படிக்கிறவர்கள் தியோகொனியின் 116–133, 211–232, 720–757 என்று இந்த வரிசையில் போகலாம். எல்லாம் கலந்து கிடந்த குவியலாக கேயாஸைக் காட்டுவது பிற்கால ரோமக் கவிஞன் ஆவிட். அந்தப் படத்தை இங்கே கொண்டுவந்தால் முதல் வரியிலேயே தடம் மாறிவிடும்.