மூன்றாவது லைன் எதற்கு என்று கேட்ட தம்பி

எங்கள் கடைப் பலகையில் இருக்கும் போன் நம்பரைக் கூர்ந்து பார்த்தால் முதல் 6 மட்டும் வேறு சிவப்பாக இருக்கும். 2002-ல் சிங்கப்பூரில் எல்லா லேண்ட்லைன் நம்பருக்கும் முன்னால் ஒரு 6 சேர்த்தார்கள். அப்பா புதுப் பலகை செய்யக் காசு செலவழிக்காமல், தானே ஏணியில் ஏறி எழுதிய 6 அது. தேக்கா பக்கம் கேட்டரிங் செய்கிறோம். கல்யாணம், காதுகுத்து, பதினாறாம் நாள் எதுவானாலும் ஆர்டர் அந்த நம்பருக்குத்தான் வரும். வாட்ஸ்அப்பில் விலை கேட்பவர்கள்கூட உறுதி செய்ய அதில்தான் கூப்பிடுவார்கள். அந்த நம்பரைக் கிட்டத்தட்டத் தொலைத்துவிட்டு மீட்ட கதை இது. போன் லைனை இன்டர்நெட்டுக்கு மாற்றப்போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை படித்துவிடுங்கள். நிறுவனத்தின் பெயரைக் கேட்காதீர்கள். சமரசம் பேசி முடித்தபோது பெயரை வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

தீபாவளிக்கு மூன்று மாதம் இருக்கும்போது இன்டர்நெட் போன் விற்கும் நிறுவனத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். நம்ம ஆள்தான், நன்றாகத் தமிழ் பேசினார், டீ வேண்டாம் என்றார், பிறகு இரண்டு கிளாஸ் குடித்தார். "அக்கா, செம்புக் கம்பி லைனையெல்லாம் எடுக்கப்போறாங்க. வருஷக் கடைசிக்குள்ள மாறலேன்னா நம்பர் போயிடும்" என்று டேப்லெட்டில் ஒரு செய்தியைக் காட்டினார். பெரிய தலைப்பு, 2025 என்று கொட்டை எழுத்து. அது பிரிட்டன் செய்தி என்பது பிறகுதான் தெரிந்தது. அங்கே பழைய லைன்களை 2025 முடிவில் நிறுத்துவதாக இருந்து, பிறகு 2027 ஜனவரிக்குத் தள்ளிவிட்டார்கள். நம் ஊர்க் கடைக்கும் அந்தக் கெடுவுக்கும் என்ன சம்பந்தம்? பழைய லைன் உலகம் முழுக்கப் போய்க்கொண்டிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் லைனை நிறுத்துவதாக இருந்தால் மாதாமாதம் பில் அனுப்புகிற நிறுவனம்தான் உங்களுக்குச் சொல்லவேண்டும், டீ குடிக்க வந்த தம்பி அல்ல.

அப்புறம் பில்லை வாங்கிப் பார்த்தார். பில்லில் மூன்று லைன். மேசையில் இரண்டு போன். "மூணாவது எதுக்கு அக்கா சும்மா காசு கட்டுறீங்க?" என்றார். எனக்கும் தெரியவில்லை. அப்பா காலத்து ஃபேக்ஸ் லைனாக இருக்கும் என்று நினைத்தேன். ரத்து செய்தால் மாதம் இவ்வளவு மிச்சம் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டியபோது, இத்தனை வருடம் இது தோன்றவில்லையே என்று என்னையே நொந்துகொண்டேன். அந்தத் தம்பி சொன்னதிலேயே எனக்கு மிகவும் பிடித்த வார்த்தை அதுதான்.

அன்று மாலையே கையெழுத்து. ஒரே விஷயத்துக்கு மூன்று தாள் என்று நினைத்துப் போட்டேன். உண்மையில் மூன்றும் மூன்று விதம். ஒன்று போன் சேவைக்கு, 24 மாதம். அடுத்தது நம்பரை மாற்ற ஒப்புதல் கடிதம். மூன்றாவது ஆறு போன் செட்டுக்கான வாடகை ஒப்பந்தம், 36 மாதம், அதுவும் போன் நிறுவனத்தோடு அல்ல, வேறொரு லீசிங் கம்பெனியோடு. மூன்று பேர் வேலை செய்கிற அலுவலகத்துக்கு ஆறு போன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மாற்றிய முதல் வாரமே தகராறு. நாங்கள் பேசுவது கேட்கும், அவர்கள் பேசுவது கேட்காது. மதியம் லைன் விட்டு விட்டு வரும். "உங்க பிராட்பேண்ட் பத்தாது, பெரிய பிளானுக்கு மாறுங்க" என்றார்கள் போன் நிறுவனத்தார். மாறினேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகன் வந்து பார்த்தான். ஒரு போன் பேச்சுக்கு 100 கேபிபிஎஸ்கூட வேண்டாம் சித்தி, வேகம் இல்லை பிரச்சினை என்றான். ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி என்று, இன்டர்நெட் போன் பேச்சைக் குழப்பிவிடும் ஒரு அமைப்பை அணைத்தான், சமையல்கூடக் கேமராக்கள் வீடியோ அனுப்புவதை இரவுக்குத் தள்ளிவைத்தான், போனுக்கு முதலிடம் கொடுத்தான். இருபது நிமிட வேலை. கூலியாக மட்டன் பிரியாணி கேட்டான்.

இன்னொன்று இதைவிட மோசம். நாங்கள் கூப்பிட்டால் யாரும் எடுப்பதில்லை. பழைய வாடிக்கையாளர் ஒருவர் தன் போனைத் திருப்பிக் காட்டினார். எங்கள் அழைப்பு கூட்டல் குறியோடு வந்திருந்தது. 2020 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்கெல்லாம் முன்னால் கூட்டல் குறி வரவேண்டும் என்று ஐஎம்டிஏ, அதாவது தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு, வைத்திருக்கிறது, மோசடிக்காரனை அடையாளம் காண. காசு மிச்சம் பிடிக்க எங்கள் அழைப்பை எங்கோ வெளிநாட்டு வழியாகச் சுற்றி அனுப்பியிருக்கிறார்கள். பத்துக் கடை தள்ளி இருக்கும் பூக்காரருக்கு நான் ஸ்கேமர் ஆகிவிட்டேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். ஒரு சனிக்கிழமை இரவு சில்லர், சமைக்கும் பொருளை வைக்கும் குளிர் அறை, நின்றது.

மறுநாள் காலை நானூறு பேருக்குக் கல்யாண விருந்து. அதிகாலை நாலு மணிக்கு மாஸ்டர் கூப்பிட்டார். "அம்மா, சில்லர் கதவுக்கடியில தண்ணி நிக்குது." போய்ப் பார்த்தால் உள்ளே 19 டிகிரி. 4 டிகிரிக்குக் கீழே இருக்கவேண்டிய இடம். பனீர் தட்டுகள் வியர்த்துக் கிடந்தன. மசாலா தடவி வைத்த ஆட்டிறைச்சி, கிரீம், தயிர் எல்லாம் போச்சு. மாஸ்டர் ஒரு துண்டு பனீரைக் கையில் எடுத்து முகர்ந்தார், ஒன்றும் பேசாமல் கறுப்புப் பையில் போட்டார். எல்லாவற்றையும் போட்டார்.

சில்லர் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் சின்னதாக ஒரு சாம்பல் நிறப் பெட்டி உண்டு. சூடு ஏறினால் அது தானாக என் கைப்பேசிக்கு டயல் செய்யும். இதற்கு முன் இரண்டு தடவை காப்பாற்றியிருக்கிறது. அது ஏன் கூப்பிடவில்லை என்று பார்த்தால், பெட்டியின் பின்னால் ஒரு போன் வயர். வயர் சுவருக்குள் போகிறது. அதுதான் நான் ரத்து செய்த மூன்றாவது லைன். லைன் செத்த நாளிலிருந்து அந்தப் பெட்டி சிவப்பு விளக்கு மின்னி, பீப் பீப் என்று கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது, ஆறு வாரமாக. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்து யாரோ அதன் வாயில் டேப் ஒட்டியிருந்தார்கள்.

சிராங்கூனில் இன்னொரு கேட்டரிங்காரர், போட்டியாளர்தான், அதிகாலையில் கதவைத் திறந்து சரக்கு கொடுத்தார். விருந்து நடந்தது. நஷ்டம் 4,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).

சரி, போதும், விலகுகிறோம் என்று சொன்னபோதுதான் பெரிய இடி. நம்பர் எங்கள் பேரில் இல்லை. அந்த ஒப்புதல் கடிதத்தில் புதிய உரிமையாளர் என்ற கட்டம் நான் கையெழுத்துப் போடும்போது காலியாக இருந்தது. பிறகு அவர்கள் தங்கள் கம்பெனிப் பெயரை எழுதிக்கொண்டார்கள். வேறு நிறுவனத்துக்குப் போய்க் கேட்டால், கணக்கில் இருப்பவர் சம்மதிக்காமல் நம்பரை எடுக்க முடியாது என்றார்கள். இவர்களோ மீதி மாதங்களுக்கும் சேர்த்துக் கட்டினால் விடுவிக்கிறோம் என்றார்கள். இல்லாவிட்டால் 3-ல் தொடங்கும் புது இன்டர்நெட் நம்பர் இலவசமாம். அப்பா ஏணியில் ஏறி எழுதிய 6-ஐ அழித்துவிட்டு 3 எழுதவா?

சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்குப் போனேன், ஸ்மால் கிளைம்ஸ் என்போமே, அது. 20,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் கிடையாது, விவகாரம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். கடைக்காரர்களும் போகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. டேப் ஒட்டிய பெட்டியின் படம், பழைய பில், கூட்டல் குறி வந்த படம், கட்டம் காலியாக இருந்தபோது நான் கைப்பேசியில் எடுத்து வைத்த கடிதத்தின் படம், எல்லாம் கொண்டுபோனேன். அந்தக் கடைசிப் படத்தைப் பார்த்ததும் அவர்கள் பேச்சு இறங்கியது. நம்பரைத் திருப்பிக் கொடுத்து, 2,500 வெள்ளியும் கொடுத்தார்கள்.

இரண்டாவது தடவை மாற்றும்போது அவசரமே படவில்லை. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு லைனும் எந்த வயரில் போய் எதில் முடிகிறது என்று சுவரைத் தடவிக்கொண்டே நடந்தேன். அலாரம், கார்டு தேய்க்கும் மெஷின், ஃபேக்ஸ், லிப்ட் போன் என்று உங்கள் கட்டடத்திலும் எதிலாவது ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். சில்லர் பெட்டியை மாற்றி, சிம் கார்டில் ஓடுவதை வாங்கினேன். புது நிறுவனத்துக்கு ஐஎம்டிஏ உரிமம் இருக்கிறதா என்று பார்த்தேன். நம்பர் என் கம்பெனிப் பேரிலேயே இருக்கும் என்று தாளில் எழுதி வாங்கினேன். புது போனில் அந்த நம்பர் அடித்த பிறகுதான் பழைய கணக்கை மூடவிட்டேன். முன்னாலேயே ரத்து செய்திருந்தால் மாற்றுவதற்கு நம்பரே இருந்திருக்காது. கரண்ட் விஷயமும் உண்டு. செம்புக் கம்பி லைனுக்குக் கரண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும். இன்டர்நெட் போன் அப்படியில்லை, எங்கள் ஃபிரையரால் கரண்ட் டிரிப் ஆனால் ஃபைபர் பெட்டி, ரவுட்டர், போன் மூன்றும் சேர்ந்து படுத்துவிடும். அவசரத்துக்கு 995 கூப்பிடக்கூட வழியிருக்காது. ஒரு யுபிஎஸ் வாங்கி மூன்றையும் அதில் மாட்டினேன். வேண்டுமென்றே மெயினை அணைத்து நேரம் பார்த்தோம், 50 நிமிடம் தாங்கியது.

இப்போது மாதம் முதல் திங்கள்கிழமை, சில்லரின் சென்சரை வெளியே எடுத்து டீ கிளாஸில் முக்குகிறேன். என் கைப்பேசி அடித்ததும் மாஸ்டர் உள்ளேயிருந்து "வந்துருச்சா?" என்று கேட்பார்.

லீசிங் கம்பெனி மட்டும் எந்தச் சமரசத்துக்கும் வரவில்லை. அவர்கள் கொடுத்தது போன் செட்டுதான், சேவை அல்லவாம், செட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார்கள். ஆறும் சிங்க்குக்குக் கீழே ஒரு பெட்டியில் கிடக்கின்றன. இன்னும் பத்தொன்பது மாதம் கட்டவேண்டும்.