மூன்றாண்டா, ஐந்தாண்டா? காலணிச் சிறுகூடங்களுக்கு ஏற்ற கடன்

ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் பெரிய காலணி ஆலைகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறுகூடம் ஒன்று, இயந்திரங்கள் வாங்க மீதமுள்ள அசலுக்கு மட்டும் கணக்கிடும் ‘குறையும் வட்டி’ முறையில், ஆண்டுக்கு 12 விழுக்காட்டுக்கு 10 லட்சம் ரூபாய் கடன் பெறுவதாகக் கொள்வோம். மூன்றாண்டில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 33,200 ரூபாய், மொத்த வட்டி 1.96 லட்சம், ஐந்தாண்டில் அடைத்தால் தவணை 22,250 ரூபாய், வட்டி 3.35 லட்சம். லாபநட்டக் கணக்கில் செலவாக ஏறுவது வட்டி மட்டுமே என்பதால், ஏட்டில் மூன்றாண்டுக் கடனே மேலானதாகத் தெரியும். அசலோ அந்தக் கணக்கில் தென்படாமலே மாதந்தோறும் கையிருப்பைக் கரைக்கிறது.

இரண்டு தவணைகளுக்கும் இடையிலுள்ள 11,000 ரூபாய்தான் என் பார்வையில் முக்கியமானது. சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னாலும், ஏற்றுமதி ஆர்டர் தளரும் பருவத்தில் பில் தொகை அதற்கும் பிந்தி வருவதுண்டு. தவணையும் வாரக் கூலியும் காத்திருப்பதில்லை. தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடனாகிவிடும், அடுத்த கடனும் எட்டாமற்போகும். ஆகவே ஐந்தாண்டையே பரிந்துரைப்பேன். வணிக வங்கிகள் 2026 ஜனவரி 1 முதல் குறு, சிறு நிறுவனங்களுக்கு மாறும் வட்டியில் (சந்தை வட்டியோடு ஏறி இறங்குவது) வழங்கும் கடனை முன்கூட்டி அடைத்தால் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதித்திருப்பதால், நல்ல மாதங்களில் அசலைக் குறைத்துக்கொள்ளலாம்.

கூலிக்கும் நூல், பசைக்கும் தவணைக் கடனைத் தொடவே கூடாது. பில் வந்ததும் கட்டிவிட்டு, எடுத்திருக்கும் தொகைக்கு மட்டும் வட்டி செலுத்தும் ரொக்கக் கடன்தான் அதற்குப் பொருந்தும். சரக்கு இருப்புப் பட்டியலை வங்கிக்குத் தவறாமல் கொடுக்கும் சிரமம் அதில் உண்டு. நாள் தண்டலோ கணக்கிலேயே சேராது: 9,000 ரூபாயைக் கையில் வாங்கி, நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்டினால் வட்டி ஆண்டுக்கு 75 விழுக்காட்டைத் தாண்டுகிறது.

அதே 12 விழுக்காட்டை, அசல் குறைந்தாலும் குறையாத நிலை வட்டியாக மூன்றாண்டுக்குப் போட்டால், வட்டி 3.6 லட்சமாகிறது, அதாவது குறையும் வட்டி முறையில் ஏறத்தாழ 21 விழுக்காட்டுக்குச் சமம். எந்த முறையில் வட்டி கணக்கிடப்படுகிறது என்பதைக் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.