சுண்டலின் மூக்கு மடிப்பும் ஒட்டாத மூடியும்

மஞ்சக்குப்பம் நண்பர் பக் இன நாய்க்குட்டி வாங்கியிருக்கிறார். "நீங்க போடுற அந்த வைப்ஸை வாங்கலாமா?" என்று கேட்டார். நாயின் மூக்கு மடிப்பைத் துடைக்கும் மருந்து ஈரத்தாளைத்தான் சொல்கிறார். பதினான்கு மாதம், ஆறு பாக்கெட் ஆகிவிட்டதால் பதில் கொஞ்சம் நீளம்.

எங்கள் நாய் சுண்டலுக்கு நான்கு வயது. ஐப்பசி மழை தொடங்கினால் மூக்குக்கு மேலே உள்ள மடிப்பு சிவந்து, உள்ளே பழுப்பாகப் பிசுபிசுக்கும். புளித்த மாவு வாடை வேறு. முதல் வருஷம் மருந்துக்கடையில் கேட்டு, மனிதர்களுக்கான ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினேன். இரண்டே நாளில் சிவப்பு அடங்கியது. நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பிறகுதான் புதுச்சேரி ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மடிப்புக்குள் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்து, கண்ணாடித் துண்டில் உருட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். பாக்டீரியாவோடு மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சையும் இருந்தது. இரண்டுமே தோலில் சாதாரணமாக இருப்பவைதானாம். ஈரமும் வெப்பமும் கிடைத்தால் பெருகிவிடும். மடிப்பு இருக்கிறவரை திரும்பத் திரும்ப வரும், கட்டுப்படுத்தத்தான் முடியும் என்றார்கள்.

பாக்டீரியாவுக்குக் குளோர்ஹெக்சிடினும் ஈஸ்ட்டுக்கு மைக்கோனசோலும் உள்ள இந்த வைப்ஸ் அப்படித்தான் வீட்டுக்கு வந்தது. வேலை செய்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஒரு வாரத்தில் வாடை போனது. இப்போது வாரம் மூன்று முறைதான். கண்ணுக்குள் மட்டும் படக் கூடாது, விரலில் சுற்றி மெதுவாகத் துடைக்க வேண்டும்.

ஆனால் அந்த மூடி! ஒட்டும் பசை பத்தாம் நாளே போய்விடுகிறது. எங்கள் தேவனாம்பட்டினம் வீட்டில் அப்பளம் அரை மணியில் நமுத்துவிடும், துவைத்த துணி இரண்டு நாள் காயாது. இது மட்டும் பாக்கெட்டுக்குள்ளேயே வற்றலாகக் காய்கிறது. ஐம்பது தாளில் குறைந்தது பதினைந்து வீண். விலையோ குறைவில்லை. இப்போதெல்லாம் வாங்கியதுமே காலி ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு மாற்றிவிடுகிறேன்.

இன்னொன்று. துடைத்தபின் மடிப்பை அப்படியே விட்டால் பாதிப் பலன்தான். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து ஒற்றி எடுக்க ஆரம்பித்த பிறகுதான் சென்ற மழைக்காலம் ஒரு மாத்திரை இல்லாமல் கழிந்தது. சுண்டலும் வைப்ஸுக்கு ஓடி ஒளிவான், வேட்டித் துணிக்கு முகத்தை நீட்டுவான்.

ஆகவே நண்பரே, மூடியைச் சரிசெய்கிறவரை வாங்காதீர்கள். என் ஏழாவது பாக்கெட் நேற்றுத்தான் வந்தது, அவசரத்துக்குப் பத்து எடுத்துத் தருகிறேன். பாட்டில் மட்டும் நீங்களே கொண்டு வாருங்கள்.