யமஹா 15 குதிரைவலு படகு எஞ்சினுக்கான தண்ணிப் பம் கிற்: முழுசாக வாங்குவதே நல்லது

யாழ்ப்பாணத்தில் குருநகர், பாசையூர் பக்கம் எஞ்சின் சூடேறினால் முதலில் பார்க்க வேண்டியது இம்பெல்லரைத்தான், அதாவது பம்முக்குள் சுழன்று தண்ணியை ஏற்றும் றப்பர் இதழ்ச் சக்கரத்தை. கடலேரி ஆழம் குறைவு. சேறும் மணலும் பம்முக்குள் ஏறி றப்பர் இதழ்களைத் தேய்க்கும். சாதாழை என்னும் கடற்செடி தண்ணி இழுக்கும் வாயை அடைக்கும்.

கம்பனி கிற்றில் இம்பெல்லரோடு உள்கிண்ணம், அடித்தகடு, கசிவைத் தடுக்கும் கஸ்கற்றுகள், இம்பெல்லரைத் தண்டோடு பிணைக்கும் சின்னச் சாவி எல்லாம் வரும். தனி இம்பெல்லர் மலிவுதான். ஆனால் கீறல் விழுந்த பழைய தகட்டின் மேல் புது றப்பரைப் பூட்டினால் அழுத்தம் கசிந்து, சில கிழமைகளில் பழைய கதைதான். போலி இம்பெல்லரின் றப்பர் விறைப்பானது, வளைந்தபடியே நின்றுவிடும். விரலால் மடக்கி விட்டுப் பாருங்கள், உடனே நிமிர வேண்டும்.

பூட்டும்போது இதழ்களுக்குச் சவர்க்காரத் தண்ணி பூசி, பம்மைச் சுற்றும் தண்டை மணிக்கூட்டுத் திசையில் சுற்றியபடி கிண்ணத்தை இறக்குங்கள். சாவி நழுவினால் தண்டு சுற்றும், இம்பெல்லர் சுற்றாது. பழையதில் இதழ் உடைந்திருந்தால் துண்டுகளை எண்ணி எடுங்கள். ஒன்று குழாயில் தங்கினாலும் சூடு குறையாது.

குறை ஒன்று: சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடித் தண்ணியைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்ரற் இந்தக் கிற்றில் இல்லை. அதைக் கழற்றிச் சுடுதண்ணியில் போடுங்கள். தண்ணி கொதிக்க முன்பே திறக்காவிட்டால் மாற்றத்தான் வேண்டும். கழற்றிவிட்டு ஓடுவது எஞ்சினுக்குக் கேடு.

பூட்டிய பிறகும் பக்கவாட்டில் பீச்சும் தண்ணி மெலிந்தே வந்தால், முதலில் அந்தத் துளையில் மெல்லிய கம்பி விட்டு உப்பைக் குத்தி எடுங்கள். தண்ணியில்லாமல் ஒரு நிமிடமும் ஸ்ராட் பண்ணாதீர்கள்.