மொரிஸ் சொல்லும் பல்லி

கந்தளாயில் இருக்கும் மைத்துனர் பழைய கார் ஒன்று வாங்கப் போகிறாராம். "அத்தான், உங்களிடம் மொரிஸ், கொரோலா இரண்டும் இருக்கின்றனவே, எதை வாங்கலாம்?" என்று நேற்றிரவு கேட்டார். மொரிஸை கராஜிலிருந்து எடுத்து வந்த அன்றே கேட்டது அவருடைய கெட்ட நேரம்.

அப்பா விட்டுப்போன 1959 மொரிஸ் மைனர் ஒன்று, நானே வாங்கிய 1982 கொரோலா ஒன்று. 948 சீசீக்கும் 1290 சீசீக்கும் உள்ள வித்தியாசத்தைத் திருகோணமலையில் பிரட்ரிக் கோட்டைக்குள் நுழைந்து கோணேசர் கோவிலுக்கு ஏறும்போது பார்க்கலாம். நான்கு பேரோடு போனால் மொரிஸ் இரண்டாம் கியரில் முனகும். வழியில் நிற்கும் மான்கள்கூட அவசரப்பட்டு விலகுவதில்லை. கொரோலா பேசாமல் ஏறிவிடும்.

பேசாமல் என்பதுதான் எனக்குக் குறை. மொரிஸில் திறப்பைத் திருப்பியதும் மின்சாரப் பெற்றோல் பம்பு டிக், டிக், டிக் என்று அடிக்கும். காபரேற்றர் நிரம்ப நிரம்ப அடி தளர்ந்து நின்றுவிடும். அதன் பிறகு ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தால் உயிர் வரும். விடியற்காலையில் அந்தச் சத்தம் எனக்கு நல்ல பல்லி சொல்வது போல.

கச்சான் என்னும் வெப்பமான தென்மேற்குக் காற்று தொடங்கினால் அதே பல்லி கெட்டதும் சொல்லும். பம்பு இருப்பது பொனட்டுக்குள், அந்த வெக்கையிலேயே. குழாயில் பெற்றோல் ஆவியாகிவிட்டால் பம்பு இழுக்க ஒன்றுமில்லாமல் நிறுத்தாது அடித்துக்கொண்டே இருக்கும். போன கிழமை கன்னியாவிலிருந்து திரும்பும் வழியில், நண்பகலில், அப்படித்தான் நின்றது. சாரம் ஒன்றைப் போத்தல் தண்ணீரில் நனைத்துப் பம்பில் சுற்றிவிட்டு அரை மணித்தியாலம் வேப்பமரத்தடியில் இருந்தேன். அடித்த அடியில் பம்புக்குள் மின்சாரத்தைத் தொட்டு விடும் பொயின்ற் கரிந்ததுதான் கராஜ் செலவு. கொரோலாவின் பம்பை இயந்திரமே ஓட்டுகிறது. ஒரு கச்சானிலும் அது என்னைத் தெருவில் இறக்கிவிட்டதில்லை.

நியாயமாகச் சொன்னால் இன்னும் உண்டு. திரும்பும்போது மொரிஸின் கதவுத் தூணிலிருந்து சைகை காட்டும் சிறு கை ஒன்று வெளியே நீளும். பின்னால் வரும் ஓட்டோக்காரருக்கு அது என்னவென்று விளங்காததால் என் கையையும் நீட்டுகிறேன். 2022இன் பெற்றோல் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று வாங்கிய மொரிஸின் பங்கையும் குழாய் வைத்து இழுத்துக் கொரோலாவுக்குத்தான் ஊற்றினேன். துரு மட்டும் பாரபட்சம் பார்க்கவில்லை. உப்புவெளிக் கடற்காற்று இரண்டின் தரையையும் தின்கிறது.

ஆகவே மைத்துனர் கொரோலா ஒன்றைத் தேடி வாங்கட்டும். என்னுடையதைத் தரமாட்டேன். மொரிஸ்தான் வேண்டுமென்றால் இன்று மாலைக்குள் காசோடு வரவேண்டும். நாளை காலை திறப்பைத் திருப்பிவிட்டேன் என்றால் பிறகு அந்தப் பேச்சே இல்லை.