மோல்மேன் மழையில் ஒரு 125 சி.சி. கஃபே ரேசர்: சில வருஷம் ஓட்டின அனுபவம்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பழைய 125 சி.சி. வண்டியைக் கஃபே ரேசராக, அதாவது ஹேண்டிலைத் தாழ்த்திக் கனத்தைக் குறைத்த பழைய பாணி வண்டியாக, மாற்றினால் வேகம் கூடாது. என் வண்டி முன்பு என்ன வேகம் போனதோ கிட்டத்தட்ட அதே வேகம்தான் இன்றைக்கும் போகிறது, சமதளத்தில் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தொட்டால் அதற்கு மேல் முறுக்கிப் பயனில்லை. மாறினது வேறு. வண்டியின் கனம் குறைந்தது, வளைவில் சொன்ன பேச்சைக் கேட்கிறது, பிரேக் பிடித்தால் நிற்கிறது. இந்த மூன்றும் வேண்டும் என்று செய்தால் பல மழைக்காலம் சந்தோஷமாக ஓட்டலாம். போட்டோவுக்கு அழகாக இருக்கிறது என்று மட்டும் செய்கிறவர்களின் வண்டி பர்மாவில் எங்கள் மோல்மேன் ஊரில் ஆவணி வருவதற்குள் விலைக்கு வந்துவிடுகிறது, நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இந்த பாணி பிறந்தது 1950-களின் லண்டனில். 1938-ல் திறந்த ஏஸ் கஃபே மாதிரி சாலையோரக் கடைகளில் கூடின பையன்கள் மணிக்கு 100 மைல் தொடுவதற்காக வண்டியில் தேவையில்லாததையெல்லாம் கழற்றி எறிந்தார்கள், ஹேண்டிலைத் தாழ்த்தினார்கள், கால் வைக்கும் இடத்தைப் பின்னால் தள்ளினார்கள். அவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் 500, 650 சி.சி. இன்ஜின். நம்முடையது 11 குதிரைத்திறன். அதனால் அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கனத்தைக் குறைக்கிற புத்தியைத்தான், வேகக் கனவை அல்ல.

நான் எடுத்தது ஹோண்டா சி.ஜி.125 அச்சில் சீனாவில் செய்து எல்லை ஊரான மூசே வழியாக வந்த வண்டி. ஹோண்டா 1976-ல் கொண்டுவந்த இந்த இன்ஜினில் டைமிங் செயின் கிடையாது, வால்வைத் தூக்குவது புஷ் ராட் என்கிற கம்பி. ஆயிலைச் சரியாக மாற்றாத ஊர்களில் செயின் வைத்த இன்ஜின்கள் சீக்கிரம் தேய்ந்ததைப் பார்த்துத்தான் இப்படிச் செய்தார்கள். பர்மாவுக்கு இதைவிடப் பொருத்தமான இன்ஜின் எனக்குத் தெரியவில்லை. ரங்கூன் நகருக்குள் 2003-லிருந்து மோட்டார் சைக்கிளுக்குத் தடை. ஆனால் மோல்மேனில் பள்ளிக்கூடம் போவதும் சந்தைக்குப் போவதும் கேரி என்கிற வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பிழைப்பதும் எல்லாம் இதில்தான், அதனால் இந்த இன்ஜினுக்கு உதிரி கிடைக்காத தெருவே இல்லை. வண்டி வாங்கும்போது இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறோமோ இல்லையோ, ஓனர் புக்கில் இருக்கிற இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். லைசென்ஸ் இல்லாத வித்தவுட் வண்டியில் பணத்தைக் கொட்டி வேலை செய்வது வீண். ஒருநாள் பிடித்துக்கொண்டு போய்விட்டால் அவ்வளவு உழைப்பும் போச்சு.

இன்ஜினை நான் பிரிக்கவே இல்லை. வால்வுக்கு விடுகிற டாப்பெட் இடைவெளி 0.08 மில்லிமீட்டர் வைத்து, ஆயில் மாற்றி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்ததோடு சரி. நிறையப் பேர் முதலில் கை வைப்பது ஏர் ஃபில்டர் பெட்டியில்தான். அதை எடுத்துவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டினால் சீட்டுக்குக் கீழே முக்கோணம் காலியாகத் தெரியும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காற்று கூடுதலாகப் போவதால் கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளக் வெளுத்துப்போய் இன்ஜின் சூடேறும். அதைக்கூடச் சரிபண்ணிவிடலாம். வருஷத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊரில் திறந்த ஃபில்டர் தண்ணீரைக் குடிக்கிறதே, அதற்கு என்ன ஜெட் போடுவது? பழைய பெட்டியை அப்படியே வைத்து, இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு வளைத்து மூடினேன். ஆடி மாதம் கூட வண்டி நடுரோட்டில் நின்றதில்லை. சைலன்சர் குழாயில் துணிப்பட்டை சுற்றுவதும் வேண்டாம். ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துக் குழாயைத் தின்றுவிடும்.

சேசிஸ் வேலைதான் உண்மையான வேலை. எங்கள் லேத் பட்டறைச் சயா (மேஸ்திரி) மோன் இனத்துக்காரர், பேசுவது குறைவு, அளப்பது அதிகம். பின் பகுதியை வெட்டுவதற்கு முன்னால் இரண்டு ஷாக்கையும் கழற்றச் சொல்லி, பின் சக்கரத்தைக் கையால் முழுக்க மேலே தூக்கி, டயர் எதுவரை வருகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கு இரண்டு விரல் மேலேதான் புதிய வளைவுக் குழாய் உட்கார வேண்டும், இல்லையென்றால் பள்ளத்தில் இறங்கும்போது டயர் சீட்டை உரசும். ஷாக் மேல் முனை மாட்டுகிற இடத்துக்குப் பின்னால்தான் வெட்டலாம், முன்னால் வெட்டக்கூடாது. குழாயை வெறுமனே முட்டவைத்து வெல்டு அடிக்காமல், உள்ளே ஒரு துண்டுக் குழாயைச் சொருகி அதோடு சேர்த்து அடித்தார். இத்தனை வருஷத்தில் அந்த இணைப்பில் மயிரிழை விரிசல்கூட இல்லை.

அந்தப் பட்டறையில்தான் பக்கத்துக் கடை மாமா வந்து நின்று பார்த்துவிட்டுக் கேட்டார், "ஏம்ப்பா, இதை வெட்டிட்டா உங்க அம்மாவ கோயிலுக்கு எப்படிக் கூட்டிட்டுப் போவே?" நியாயமான கேள்வி. நம் வீடுகளில் வண்டி ஒருத்தருக்கு மட்டும் சொந்தமில்லை. அதனால் சேசிஸைக் கொஞ்சம் நீளமாகவே விட்டு இரண்டு சீட் செய்துகொண்டேன். கூம்பு வைத்த ஒற்றைச் சீட் ஒன்று, தட்டையான நீளச் சீட் ஒன்று, இரண்டும் ஒரே நாலு போல்ட்டில் உட்காரும். பின்னால் உட்காருகிறவருக்கான கால்கட்டையையும் எடுக்கவில்லை. சுத்தமான கஃபே ரேசர் இல்லை என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஹேண்டிலுக்கு வருகிறேன். ஃபோர்க் குழாயில் நேராகக் கவ்வுகிற கிளிப் ஆன் வாங்கினால் குழாயின் வெளி விட்டத்தை வெர்னியரால் அளந்து வாங்குங்கள், அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் கவ்வாது. நான் ஃபோர்க்கின் மேல் தட்டுக்குக் கீழே போடாமல் மேலேயே போட்டேன். மூடோன் தாண்டித் தான்பியூசயா வரைக்கும் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் 60 கிலோமீட்டருக்கு மேல் போகிற ரோட்டில் அந்த உயரம் மணிக்கட்டைக் காப்பாற்றுகிறது. அதைவிடத் தாழ்வாக வைத்த நண்பர் வண்டியை ஓட்டிப் பார்த்தேன், டவுனுக்குள்ளேயே தோள் கடுத்தது. மாட்டி முடித்ததும் ஒரு சோதனை கட்டாயம்: இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு ஹேண்டிலை இடது கோடி, வலது கோடி திருப்புங்கள். சத்தம் துளியாவது ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் ரோட்டில் ஏறவே கூடாது.

கால்கட்டையைப் பின்னால் தள்ளியதில் கியர் லீவருக்கு ஒரு இணைப்புக் கம்பி போட வேண்டிவந்தது. கம்பியின் ஒரு முனைக் கை மேல் நோக்கியும் மறுமுனைக் கை கீழ் நோக்கியும் இருந்தால் கியர் வரிசை தலைகீழாகிவிடும், இரண்டும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். இன்னொரு சங்கதி, இந்த நிலையில் கைலி கட்டிக்கொண்டு ஓட்ட முடியாது. முன்னால் டேங்க் இல்லாத ஹோண்டா வேவ் மாதிரி வண்டியில் கைலியோடு ஏறி டீக்கடைக்குப் போய்வருகிற ஊரில் இது சின்ன விஷயமில்லை, ஒவ்வொரு தடவையும் பேன்ட் மாட்டித்தான் கிளம்பவேண்டும். அது எனக்குப் பழகிவிட்டது.

பிரேக் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு வேலையிலும் காசுக்குத் தகுந்த பலன் கிடைத்தது இதில்தான். முன் சக்கரத்தில் இருந்த டிரம்மையே வைத்துக்கொண்டேன். டிஸ்க் போடாமல் டிரம் நன்றாகப் பிடிக்குமா என்று கேட்கிறார்கள். பிடிக்கும், இரண்டு காரியம் செய்தால். டிரம்முக்குள் அழுத்துகிற பிரேக் ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டி, டிரம்மின் உள்வளைவுக்கு ஏற்ப லேத்தில் கடைந்து முழுப்பரப்பும் தொடும்படி செய்யவேண்டும். அப்புறம், லீவரை இறுக்கிப் பிடித்த நிலையில் டிரம்மில் இருக்கிற கையும் கேபிளும் 90 டிகிரியில் நிற்கவேண்டும். பெரும்பாலான பழைய வண்டிகளில் அந்தக் கை தேய்மானத்தால் முன்னால் சாய்ந்து கிடக்கும், எவ்வளவு பிடித்தாலும் பாதி பலம் வீணாகும். பல் போட்ட தண்டிலிருந்து அதைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினால் போதும், காசு செலவே இல்லை. மழையில் ஆற்றங்கரை ஸ்ட்ராண்ட் ரோட்டில் நாய் குறுக்கே ஓடியபோது இந்த டிரம்தான் என்னை நிறுத்தியது.

கண்ணாடியும் விளக்கும் நம் நாட்டுக்கென்று தனியாக யோசிக்கவேண்டியவை. 1970-லிருந்து பர்மாவில் வலப்பக்கம் போகிறோம், ஆனால் ஜப்பானிலிருந்து வந்த கார்களில் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது. நம்மை முந்துகிற டிரைவர் ரோட்டோரப் பக்கம் உட்கார்ந்திருப்பதால் எதிரே வருவது தெரியாமல் வெளியே எடுத்துவிட்டு, சட்டென்று நம் பக்கம் திரும்ப ஒடிப்பார். ஹேண்டில் முனையில் ஒரே ஒரு கண்ணாடி வைப்பது இப்போது ஸ்டைல், அப்படி வைத்தால் அது இடது முனையில் இருக்கட்டும். நான் இரண்டும் வைத்திருக்கிறேன். ஹெட்லைட் தாய்லாந்திலிருந்து எல்லை ஊரான மியாவடி வழியாக வருவது அழகான வேலைப்பாடு, ஆனால் அங்கே இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். அதற்கென்று செய்த விளக்கில் டிம் ஒளி இடப்பக்கம் தூக்கி அடித்து இங்கே எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்கும். சீனாவும் வலப்பக்கம் ஓட்டுகிற நாடு, அந்த விளக்கே நமக்குச் சரி.

உழைக்காத சாமான் என்றால் ஒற்றைச் சீட்டின் உறைதான். ரெடிமேடாக ஒரு கடையில் வாங்கியது, முதல் மழைக்காலத்திலேயே தையல் வழியாகத் தண்ணீர் இறங்கி ஃபோம் ஊறிப்போய் நாற்றம் எடுத்தது. கடையில் கேட்டதற்கு மழையில் விட்டால் அப்படித்தான் என்றார்கள். இந்த ஊரில் மழையில் விடாமல் வண்டியை எங்கே விடுவது? நம் ஆள் ஒருத்தர், ஜீப் சீட் தைக்கிறவர், மேல் பக்கம் தையலே வராதபடி ஒரே துண்டு ரெக்ஸினை இழுத்து அடியில் ஒட்டிக் கொடுத்தார், அது இன்றுவரை காய்ந்தே இருக்கிறது. குட்டையான பின் மட்கார்டும் சரிப்படவில்லை, சேறு முதுகில் ஏறிற்று. நீளமானதை மாட்டிவிட்டேன்.

தடித்த பழைய பாணி டயரும் தேவையில்லை, 11 குதிரைத்திறனுக்கு அதை உருட்டுவதே பெரும்பாடு. 18 அங்குலத்தில் கம்பெனி கொடுத்த அளவே போதும். முன் பல்சக்கரத்தை 14-லிருந்து 15 பல்லாக்கினால் 7 சதவீதம் நீளமான கியர் கிடைக்கும், சமதளத்தில் இன்ஜின் அமைதியாக ஓடும், ஆனால் அம்மா பின்னால் உட்கார்ந்தால் மலைக்கோயில் ஏற்றத்தில் ஒரு கியர் இறக்கித்தான் ஏறவேண்டும். எனக்கு அது பரவாயில்லை.

செலவைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2021-க்கு அப்புறம் நம் நாட்டுப் பணமான சாட் மதிப்பு இறங்கின வேகத்துக்கு நான் கொடுத்த விலையைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. எதற்கு முதலில் செலவழிப்பது என்று மட்டும் சொல்கிறேன்: பிரேக், டயர், வயரிங், அப்புறம்தான் சீட்டும் பெயின்ட்டும். வயரிங்கில் ஒவ்வொரு இணைப்பையும் சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள், வெறும் டேப் சுற்றினால் நம் மழைக்கு நிற்காது. பாட்டிலில் விற்கிற ரோட்டோரப் பெட்ரோல் போட்டால் கார்புரேட்டர் அடியில் இருக்கிற வடிகால் திருகை அவ்வப்போது திறந்து தண்ணீரை இறக்கிவிடுங்கள். செட்சே கடற்கரைக்குப் போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி ஸ்போக்குக்கு ஆயில் துணி போடுங்கள்.

இப்போது பின் ஷாக் இரண்டும் களைத்துவிட்டன, இந்த வெயில் காலத்தில் மாற்றப்போகிறேன். அழகுக்காக நீளமானது போடச் சொல்கிறார்கள், பழைய நீளத்திலேயே ஸ்பிரிங் மட்டும் கொஞ்சம் கடினமானதாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். மோல்மேனிலோ பா-அனிலோ யாராவது அப்படி மாட்டி ஓட்டுகிறவர்கள் இருந்தால், பின்னால் ஆள் உட்கார்ந்தால் எப்படித் தாங்குகிறது என்று சொல்லுங்கள்.